கட்டுப்பாட்டு அறை மகளுக்கு, பொய்ப் போன் அடித்த அப்பா எழுதுவது

மகளே,

பத்து நாளாக நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்காததில் நியாயம் இருக்கிறது. போலீஸ் வேலையில் இருக்கிறவள் தொல்லை கொடுக்கிற ஆளின் நம்பரை ஒதுக்கி வைப்பது முறைதான். ஆனால் திங்கட்கிழமைக்குள் உனக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். ஐந்தாம் கிளாஸை அங்கே பாதியில் விட்டுவிட்டு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவன் எழுத்து இது. குன்னூர் ரோடு மாதிரி மேலே ஏறும், கீழே இறங்கும், வளைவில் கொஞ்சம் தலை சுற்றும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, "ஒழுங்கா எழுதுங்க, ஆபீசருங்க கையில கெடச்சா மானம் போயிரும்" என்கிறாள். கிடைக்கட்டும். உறையை ஒட்டாமல்தான் அனுப்பப் போகிறேன். காந்தலில் உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பிள்ளைகள் படித்தாலும் சரி, உன் மேலதிகாரி படித்தாலும் சரி. நலமா என்று கேட்கவில்லை. நலமில்லை என்று தெரிந்த பிறகு கேட்பது வெறும் வழக்கம். எனக்கு முழங்கால் வலி, சர்க்கரை, வாய்க்கொழுப்பு. முதல் இரண்டுக்கும் ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள்.

நீ போலீசில் சேர்ந்தபோது நம் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகள் அத்தனையிலும், எல்லாரும் நீ திருடனைத் துரத்துவாய் என்று நினைத்தார்கள். உன்னைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்ததும் எனக்குக் கேலி செய்ய ஒரு வருஷத்துச் சரக்கு கிடைத்தது. "எங்க புள்ளைக்குத் துப்பாக்கி குடுக்கல, காதுல மாட்டிக்க ரெண்டு வடை குடுத்திருக்காங்க" என்று டீக்கடையில் சொல்லித் திரிந்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வேலையை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். நூறு அடித்தால் மெட்ராசில் யாரோ எடுக்கிறார்கள், அங்கிருந்து நம் மலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், அது போக உன் மேசைக்கு நேராக வருகிற நம்பர் ஒன்று இருக்கிறது, காட்டெருமை வந்தால் அடிக்கச் சொல்லி அதைத்தான் லயத்துச் சுவரிலெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள் என்றாய். "மொதல்ல இடம் கேக்கணும்ப்பா. என்ன ஆச்சு, யாரு என்ன எல்லாம் அப்புறம்தான். நம்ம மலையில டவர் எப்ப போகும்னு தெரியாது. இடம் தெரிஞ்சிட்டா, பேச்சு அறுந்தாலும் ஜீப்பு கெளம்பிரும்" என்றாய். நானும் உன் அம்மாவும் ஒரு மாசம் அதையே வைத்துக் கூத்தடித்தோம். "உப்பு எங்க?" என்று நான் கேட்டால் அவள், "மொதல்ல நீங்க எங்க இருக்கீங்க, அதைச் சொல்லுங்க" என்பாள்.

ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமை. வெளியூர்க்காரர்கள் வழி தெரியாமல் நின்றுகொண்டு உனக்கு அடிப்பார்கள் என்றும், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "பச்சையா இருக்கு, டீச்செடி இருக்கு, ஒரே பனியா இருக்கு" என்பார்கள் என்றும் சொல்லிச் சிரித்தாயே. மலை முழுக்க அப்படித்தான் இருக்கிறது, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். ஒரு தடவை கைக்குழந்தையோடு பனியில் மாட்டிக்கொண்ட குடும்பத்தை நீ போனை வைக்கவே விடாமல் பிடித்து வைத்திருந்தாய். சாயந்திரம் ஃபேக்டரிச் சங்கு ஊதுகிற வரை பேச்சுக் கொடுத்து, அது அவர்களுக்கு எத்தனை மணிக்குக் கேட்டது, எத்தனை தடவை கேட்டது என்று விசாரித்து, எந்தத் தோட்டத்துக்கு மேலே நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்தாய். எந்த ஃபேக்டரி எப்போது ஊதும் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. லயத்தில் பிறந்தவளுக்குத்தான் தெரியும். அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கே இல்லை. உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னது, "சங்கு ஊதுனது ஃபேக்டரி, பேரு உனக்கா?" என்பதுதான். எனக்கு அப்படித்தான் வரும்.

இனி என் புத்தியைச் சொல்கிறேன். நீ வேலைக்குப் போன பிறகு வீட்டில் உன் சத்தம் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை பேசுவாய். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டு முடித்துவிடுவாய். ஆனால் அந்த நம்பரை அடித்தால் இன்னொரு சத்தம் வரும் என்று எனக்கு ஒரு ஆசை. ஆபீசுச் சத்தம். அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. என் நம்பர் உன் மேசையில் விழும் என்று தெரியும். அதனால் ஃபேக்டரிக்குப் போய், பழைய கூட்டாளியிடம் ஒரு வெற்றிலைக்குப் போனை வாங்கி அடித்தேன். "வணக்கம், காவல் கட்டுப்பாட்டு அறை" என்றாய். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"போலீசுங்களா? வாசல்ல காட்டெருமை நிக்குதுங்க."

"எங்கிருந்து பேசுறீங்க ஐயா?"

"கதவுக்கு உள்ள இருந்துதாங்க. வெளியதான் அது நிக்குதே."

"ஊரு பேரு சொல்லுங்க ஐயா."

"கேட்டுப் பாத்தேனுங்க. அது ஊரு பேரு சொல்ல மாட்டேங்குது."

அப்புறம் மெதுவாக, "அப்பா?" என்றாய். நான் மூச்சு விடவில்லை. "ஐயோ அப்பா, போனை வைங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நீ சிரித்ததை நான் கேட்டேன். மறுக்காதே. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் இரண்டாவது தடவை அடித்திருக்க மாட்டேன். இது உன் மேல் பழி போடுவதற்காக இல்லை. எதனால் அடித்தேன் என்று சொல்லிவிட வேண்டும், அதற்காக.

இரண்டாவது தடவை குன்னூர் மார்க்கெட்டில் டீக்கடைக்காரர் போனிலிருந்து. கரடி வந்து ரேஷன் கார்டு கேட்கிறது என்றேன். நீ சிரிக்கவில்லை, பல்லைக் கடித்தது கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து என் முன்னால் நின்று, "அந்த ரூம்ல ரெண்டே பேருதான்ப்பா. நீங்க ஒரு லைன்ல உக்காந்து வெளையாடினா, நெசமா அடிக்கிறவன் வெளிய நிப்பான்" என்றாய். நான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். "அப்ப மூணாவதா ஒருத்தரைப் போடச் சொல்லு, நான் வேணா வரேன்" என்றேன். உன் அம்மா கரண்டியை என் மேல் எறிந்தாள். மூன்றாவது தடவை பக்கத்து லயத்துப் பையன் செல்லில் இருந்து அடித்தேன். மறுபடியும் வாசலில் காட்டெருமை. நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அப்பா, நான் டூட்டியில இருக்கேன், வைங்க" என்று வைத்துவிட்டாய். இத்தோடு விளையாட்டு முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன். நாலாவதாக வந்த போன் என்னுடையது இல்லை. நான் அடிக்கவில்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்? அதுதான் விஷயம்.

குரல் மாற்றிப் பேசுவதில் நான் பழைய கை. உனக்குத் தெரியும். உனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் நான் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? ஃபேக்டரியில் சேர்ந்த புதிதில் எஸ்டேட் மேனேஜர் துரை மாதிரி மூக்கால் பேசி, ஃபீல்டு ஆபீசுக்குப் போன் போட்டு, "மழை வருது, மத்தியானத்தோட ஆளுங்கள விட்டுடு" என்றேன். ஃபீல்டு ரைட்டர் நம்பிக் கொழுந்து எடுக்கிற ஆட்களையெல்லாம் மலையிலிருந்து இறக்கிவிட்டார். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. பந்தலில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் அந்த ஃபீல்டு ரைட்டர் என்னப்பா ஆனாரு?" என்றாய். வேறு டிவிஷனுக்குத் தூக்கிப் போட்டார்கள் என்றேன். "நீங்கதான் பேசுனீங்கன்னு துரைகிட்ட சொல்லலையா?" என்றாய். பாயசம் ஆறுகிறது, குடி என்றேன். அந்த மனுஷனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். புது டிவிஷனில் பள்ளிக்கூடம் கிடையாது. இதை நான் அந்தக் கதையில் ஒரு தடவைகூடச் சேர்த்துச் சொன்னதில்லை. சேர்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

போன வியாழக்கிழமை மாத்திரை வாங்க ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசை நீளம். எலும்பு வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் நர்சிடம் ஏதோ கேட்டார். சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் சத்தம். ஃபேக்டரியில் சலிக்கிற ரூமில் வருஷக் கணக்காகத் தூள் தின்ற தொண்டைக்கு ஒரு கரகரப்பு வருமே, அது. அதற்கு மேல் இலங்கைத் தோட்டத்து இழுப்பு. அங்கிருந்து வந்த எங்கள் ஆட்கள் பார்த்ததும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"அங்க எந்தப் பக்கம்?"

"அட்டன் பக்கம். நீங்க?"

"பதுளை. கப்பல்ல வந்து எறங்குனதும் மண்டபம் கேம்புல எத்தனை நாளு இருந்தீங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க. அங்கயே எனக்குப் பொண்ணு பாத்துட்டாங்க."

அவர் பேர் வேலாயுதம். இப்போது இத்தலார்ப் பக்கம் ஒரு சின்ன எஸ்டேட்டில் லயத்து வீடு. அவர் பெண்சாதி பொன்னம்மா கொழுந்து எடுக்கிறாள். அவள்தான் வார்டுக்குள் படுத்திருந்தாள். சாயந்திரம் மலையிலிருந்து இறங்கி, லயத்துக்கு முன்னால் இருக்கிற பைப்படிக்குப் போனவளைக் காட்டெருமை முட்டித் தள்ளியிருக்கிறது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவள் பைப்படியில் கிடக்கிறாள். அது நகராமல் பக்கத்திலேயே நிற்கிறது. இவர் வாசலைத் தாண்ட முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து அடித்திருக்கிறார்.

"ஒரு பொம்பளப் புள்ள எடுத்துச்சு. வாசல்ல காட்டெருமை நிக்குதுங்கன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். 'அப்பா, நான் டூட்டியில இருக்கேன், வைங்க'ன்னு சொல்லி வெச்சிருச்சு."

"மறுபடி அடிக்கலியா?" என்று கேட்டேன்.

அவர் ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "எப்பிடிங்க அடிக்கிறது? வைங்கன்னு சொல்லிட்டாங்களே. போலீசு வைங்கன்னா வெச்சிர வேண்டியதுதானே? தோட்டத்துல பொழைச்சவரு, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். துரை போ என்றால் போய்விடுவோம், ஏன் என்று கேட்கப் பழகியதில்லை. வேறு யாராவது இருந்தால் பத்துத் தடவை அடித்துக் கத்தியிருப்பான். இவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் ஓட்டைப் பிரித்து இறங்கி, ஃபேக்டரிக்கு நடந்திருக்கிறார். போக வர முக்கால் மணி நேரம். ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு வந்து காட்டெருமையை விரட்டிய பிறகுதான் பொன்னம்மாவை எஸ்டேட் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். போலீஸ் ஏன் வரவில்லை என்று எஸ்டேட் ஆபீசில் ஒரு புகார் எழுதினார்கள். இவர் கைநாட்டு வைத்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த மனுஷன் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "எங்களுக்குப் புள்ளைங்க இல்லீங்க. அந்த நேரத்துலயும் ஒரு இது. போலீசுல ஒருத்தி அப்பான்னு கூப்பிட்டாளேன்னு" என்றார். என் பேரைக் கூப்பிட்டார்கள், மாத்திரை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் மொண்டு வைத்தாள். "இப்பத்தான் தெரிஞ்சுதா? நான் பத்து நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றாள். மீதியை அவள்தான் சொன்னாள். அந்தப் புகார் உன் ஆபீசுக்கு வந்து, உன்னிடம் விளக்கம் கேட்டதற்கு, வயசானவர் என்பதால் மரியாதைக்கு அப்பா என்று கூப்பிட்டேன், தொல்லை போன் என்று நினைத்து வைத்துவிட்டேன், கவனக்குறைவு என்னுடையது என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். எதனால் தொல்லை போன் என்று நினைத்தாய் என்று கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. அதற்கு முன்னால் வந்த என் மூன்று போனையும் தவறான அழைப்பு என்று நீயே பதிந்து வைத்திருக்கிறாய். இப்போது உன்னை அந்த அறையிலிருந்து மாற்றப் போகிறார்கள். அவர்கள் மாற்றுவதற்கு முன்னால் நீயே மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். இனிமேல் அந்த ஹெட்போனைக் காதில் மாட்ட மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம்.

மறுநாள் நான் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை வார்டுக்குள். வேலாயுதம் பொன்னம்மாவுக்கு இட்லியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேலாயுதம் கையில் இருந்த இட்லி அப்படியே இருந்தது. பொன்னம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒடிசலான பெண்பிள்ளை. பார்வை மட்டும் டீச்செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி மாதிரி.

"என்னன்னு பேசுனீங்க? பேசிக் காட்டுங்க."

"இப்ப வேணாங்க."

"பேசிக் காட்டுங்கன்னேன்."

பேசிக் காட்டினேன். வாசல்ல காட்டெருமை நிக்குதுங்க, ஊரு பேரு சொல்ல மாட்டேங்குது. அந்த வார்டில் எட்டுக் கட்டில். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. பொன்னம்மா புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவரு பேசுறாப்பலயேதான் இருக்கு. கண்ண மூடிட்டுக் கேட்டா நானே ஏமாந்திருப்பேன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணும், அதுக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க. சொல்லிடணும்னு வந்தேன்."

"என்கிட்ட சொன்னா எனக்குக் காலு வருமா? மேட்டுல ஏறி எறங்குறவளுக்கு இந்தக் காலுதான் எல்லாம். டாக்டரு, இனி மலைக்குப் போகாதேங்குறாரு. போங்க. போயி அந்தப் போலீசு ஆபீசுல சொல்லுங்க. அங்க சொன்னா ஒருத்திக்காவது ஏதாவது ஆவும்."

வேலாயுதம் வாசல் வரை வந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராக உன் ஆபீசுக்குத்தான் போனேன். நீ அன்றைக்கு லீவு என்று தெரிந்துகொண்டுதான் போனேன். இன்ஸ்பெக்டர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், பேச்சு மரியாதையாக இருந்தது. "உக்காருங்க பெரியவரே, என்ன விசயம்?" என்றார். சொன்னேன். பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, பொய்யாப் போன் பண்ணினா உங்க மேலயே கேஸ் ஆவும். தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்றார். "தெரியாமப் பேசுனது போன்ல, இது தெரிஞ்சுதானுங்க" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு எழுதிக்கச் சொன்னார். நானே எழுதுகிறேன் என்றேன். ஒரு பக்கம் எழுத ரெண்டு மணி நேரம் ஆனது. மூன்று தடவை, எந்த எந்தப் போனிலிருந்து, என்ன சொன்னேன், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"உங்க பொண்ணு இதை ஒத்துக்குங்களா?"

"கேக்கலீங்க."

"மூணும் வேற வேற நம்பரு. உங்க பேருல ஒண்ணுகூட இல்லை. குரல் ஒத்துப்போவுதுன்னு நான் எழுத முடியாதுங்க. திங்கக்கெழமை விசாரணையில அந்தப் பொண்ணைக் கேப்போம். எங்கப்பா இல்லைன்னு சொல்லிருச்சுன்னா, இந்தப் பேப்பரு மக மேல பாசத்துல அப்பன் எழுதுன கதையாப் போயிரும். அவ்வளவுதான்."

அதனால்தான் இந்தக் கடிதம். நீ இல்லை என்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும். என் மேல் கேஸ் வரும் என்று பயந்து சொல்வாய். உன் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "போலீசு வந்து கூட்டிட்டுப் போனா போகட்டும், ஒரு வாரமாவது வீடு அமைதியா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி மேலதிகாரிகளிடம் சொல்லாமல் மறைத்தாய் என்று அதற்கும் சேர்த்துக் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் காரணமே இல்லாமல் ஒரு கிழவன் போனை வைத்தவள் என்று ஒரு பேர் உன் மேல் எழுதப்படப் போகிறது. அது பொய். அந்தப் பொய்யை நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதைத்தான் நான் அழிக்கப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கோபிப்பாய். நான் செய்தது என் தப்பு. உன் காதில் சந்தேகத்தை வைத்தவன் நான். ஆனால் அன்றைக்கு நீ இடம் கேட்கவில்லை. அது என் தப்பு இல்லை. நானே அடித்திருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். ஒருவேளை காட்டெருமை நிஜமாகவே என் வாசலில் நின்றிருந்தால்? உன் அம்மா பைப்படியில் கிடந்திருந்தால்? என் பங்கை என்னிடம் கொடுத்துவிடு, அது எனக்குச் சொந்தம், நான் எடுத்துக்கொள்கிறேன். உன் பங்கை நான் வாங்க மாட்டேன். பெற்றவன் என்பதற்காக உன்னைச் சுத்தமானவள் என்று சொல்லிவிட்டால், நீ அந்த வார்டுக்குள் போய்ப் பொன்னம்மா முன்னால் நிற்கவே மாட்டாய். போக வேண்டும். விசாரணை முடிந்த பிறகு போ. அவள் உன்னை உட்காரச் சொல்ல மாட்டாள். நின்றுகொண்டே பேசு.

அந்த அறை வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. அது உன் வேலை, உன் காது. ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தது. இனிமேல் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், எந்தக் கிழவன் என்ன உளறினாலும், முதலில் இடம் கேட்கிற ஆள் ஒருத்தி இருந்தால் அது நீயாகத்தான் இருக்கும். புதிதாக வருகிற பெண் என்னை மாதிரி ஒருத்தனிடம் மாட்டி, இதே மாதிரி ஒன்றைச் செய்த பிறகுதான் கற்றுக்கொள்வாள். யோசித்துக்கொள். அவசரம் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். கல்யாண மாப்பிள்ளை என்று நினைத்துவிடாதே. என்னைப் பார்த்தால் பேச வேண்டாம், தாண்டி உள்ளே போய்விடு. உள்ளே என் பேப்பரை உன் முன்னால் வைப்பார்கள். எழுத்துப் பிழை நிறைய இருக்கும், திருத்தாதே. இந்தப் போன்களை அடித்த ஆள் யார் என்று கேட்பார்கள். எங்கப்பா என்று சொல். அதற்கு மேல் எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே.

அப்பா